கம்ப்யூட்டரின் முதுகில் 25 துவாரங்கள்!

விளக்கு எரியும், மோட்டார் சுழலும், தொட்டியில் தண்ணீர் நிரம்பும்
அச்சு யந்திரத்துக்காகப் பிறந்த ஒரு வாசலின் கதை

பழைய கம்ப்யூட்டர் ஒன்றைத் திருப்பி வைத்து, அதன் முதுகைப் பார்த்திருக்கிறீர்களா?

பல வகையான துளைகள் தெரியும். மின்சாரக் கம்பிக்கு ஒன்று. விசைப்பலகைக்கு ஒன்று. திரைக்கு ஒன்று. இவற்றுக்கு நடுவே ஒன்றரை அங்குல நீளத்தில் ஒரு வாசல் இருக்கும். மேல் வரிசையில் 13 துவாரங்கள், கீழ் வரிசையில் 12 துவாரங்கள். ஆக மொத்தம் 25.

இதற்கு "பாரலல் போர்ட்" என்று பெயர். பல கம்பிகளில் ஒரே சமயத்தில் சேதி போகும் வாசல் என்று பொருள். பிரிண்டர் எனப்படும் அச்சு யந்திரத்தை மாட்டுவதற்காக வைத்த வாசல் இது.

ஆனால் மாணவர்களும், பொழுதுபோக்குக்காக மின்னணுச் சாமான்களைக் குடைபவர்களும் இதைக் கண்டதும் வேறொன்றை நினைத்தார்கள். "காகிதத்தில் எழுத்தை அடிக்கச் சொல்லும் கம்ப்யூட்டர், விளக்கை எரியச் சொல்லாதா? மோட்டாரைச் சுழலச் சொல்லாதா?" என்று கேட்டார்கள்.

சொல்லும்! அதற்கு மந்திரமும் வேண்டாம், தந்திரமும் வேண்டாம். ஒரே ஒரு வரி கட்டளை போதும்.

மீந்துபோன இணைப்பிகள்

இந்த வாசல் பிறந்த கதை வேடிக்கையானது.

ஷாங்காயில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஆன் வாங் என்ற விஞ்ஞானி, 1951-ல் வாங் லேபரட்டரீஸ் என்ற கம்பெனியைத் தொடங்கினார். கணக்குப் போடும் யந்திரங்கள் செய்து பெயர் பெற்ற கம்பெனி அது. அதன் கிளையாகத் தோன்றியதுதான் சென்ட்ரானிக்ஸ் என்ற அச்சு யந்திரக் கம்பெனி. 1970-ல் அது "மாடல் 101" என்ற பிரிண்டரை வெளியிட்டது.

பிரிண்டரையும் கம்ப்யூட்டரையும் இணைக்க ஒரு செருகி வேண்டும் அல்லவா? வாங் கம்பெனியின் கிடங்கில் 36 முனைகள் கொண்ட செருகிகள் சுமார் 20,000 மீந்து கிடந்தன. பழைய கணக்கு யந்திரம் ஒன்றுக்காக வாங்கியவை. "இருப்பதை உபயோகிப்போம்" என்று அதையே பிரிண்டருக்கு வைத்தார்கள். மீந்துபோன சரக்கு உலகத்துக்கே முறையாகிவிட்டது! மற்றப் பிரிண்டர் கம்பெனிகளும் அதையே பின்பற்றின.

1981 ஆகஸ்டு 12-ந் தேதி ஐ.பி.எம். கம்பெனி தன் பெர்சனல் கம்ப்யூட்டரை வெளியிட்டது. பிரிண்டரின் பக்கம் 36 முனைச் செருகி அப்படியே இருக்க, கம்ப்யூட்டரின் பக்கம் 25 துவாரச் செருகி வந்தது. அதன் பிறகு உலகெங்கும் தயாரான லட்சோபலட்சம் கம்ப்யூட்டர்களின் முதுகில் அந்த 25 துவாரங்கள் இடம் பிடித்தன.

நம் ஊர்க் கடைகளிலும் அலுவலகங்களிலும் "கர்ர்... கர்ர்..." என்று சத்தமிட்டுப் பில் அடிக்கும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரைக் கண்டிருப்பீர்கள். அவற்றில் பெரும்பாலானவை இந்த வாசல் வழியாகத்தான் சேதி வாங்கின.

எந்தத் துவாரம் எதற்கு?

25 துவாரங்களையும் நாலு கூட்டமாகப் பிரிக்கலாம்.

2 முதல் 9 வரையுள்ள எட்டும் சேதிக் கம்பிகள். கம்ப்யூட்டர் சொல்ல வேண்டியதை இந்த எட்டின் வழியாகத்தான் சொல்லும்.

10, 11, 12, 13, 15 ஆகிய ஐந்தும் நிலைமைக் கம்பிகள். பிரிண்டர் பதில் சொல்லும் வழி இது. "வேலையாக இருக்கிறேன்", "காகிதம் தீர்ந்துவிட்டது", "ஏதோ கோளாறு" என்பன போன்ற பதில்கள் இவற்றில் வரும்.

1, 14, 16, 17 ஆகிய நாலும் கட்டுப்பாட்டுக் கம்பிகள். "இதோ எழுத்து, எடுத்துக்கொள்" என்று தட்டி எழுப்புவது இவற்றின் வேலை.

மிச்சமுள்ள 18 முதல் 25 வரை எட்டும் தரைக் கம்பிகள். எந்த மின்சாரமும் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்தால்தான் வேலை செய்யும். திரும்பி வரும் வழி இவைதான்.

எட்டும் ஐந்தும் நாலும் எட்டும், ஆக 25. கணக்கு சரியாகிவிட்டது!

இந்தக் கம்பிகளில் ஓடுவது மிகச் சொற்ப மின்சாரம். கம்பியில் 5 வோல்ட் இருந்தால் "உண்டு" என்று அர்த்தம். பூஜ்யம் வோல்ட் இருந்தால் "இல்லை" என்று அர்த்தம். உண்டு, இல்லை என்ற இரண்டே சொற்களைக் கொண்டு கம்ப்யூட்டர் தன் ராஜ்யத்தையே நடத்துகிறது.

மளிகைக் கடை எடைக்கல்

இரண்டு சொல்லை வைத்துக்கொண்டு என்ன சொல்ல முடியும் என்று கேட்கலாம். மளிகைக் கடைக்குப் போய்ப் பார்த்தால் விடை கிடைக்கும்.

கடைக்காரரிடம் எட்டு எடைக்கற்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 1, 2, 4, 8, 16, 32, 64, 128 கிராம். ஒவ்வொன்றும் முந்தியதைப்போல் இரட்டிப்பு. இந்த எட்டுக் கற்களைக் கொண்டு 1 கிராம் முதல் 255 கிராம் வரை எந்த எடையையும் நிறுத்துவிடலாம். 5 கிராம் வேண்டுமா? 4-ம் 1-ம் வைத்தால் போதும். 100 கிராம் வேண்டுமா? 64, 32, 4. எல்லாக் கற்களையும் வைத்தால் 255. ஒன்றும் வைக்காவிட்டால் பூஜ்யம்.

எட்டுச் சேதிக் கம்பிகளும் இந்த எட்டு எடைக்கற்களே. 2-ம் துவாரம் 1 கிராம் கல். 3-ம் துவாரம் 2 கிராம் கல். இப்படியே போய் 9-ம் துவாரம் 128 கிராம் கல். எந்தக் கல்லைத் தட்டில் வைக்கிறோமோ அந்தக் கம்பியில் 5 வோல்ட் வரும்.

இங்கிலீஷ் எழுத்தான "ஏ"-வுக்குக் கம்ப்யூட்டர் உலகில் எண் 65. 64-ம் 1-ம் சேர்ந்தால் 65. ஆகவே 8-ம் துவாரத்திலும் 2-ம் துவாரத்திலும் மின்சாரம் வந்தால் பிரிண்டர் "ஏ" என்று அடிக்கும். எட்டுக் கம்பியும் ஒரே சமயத்தில் பேசுவதால் முழு எழுத்தும் ஒரே மூச்சில் போய்விடுகிறது. பாரலல் என்று பெயர் வந்தது இதனால்தான்.

888 என்ற விலாசம்

கம்ப்யூட்டருக்குள் ஒவ்வொரு வாசலுக்கும் ஒரு விலாசம் உண்டு. நம் தெருவில் கதவிலக்கம் இருப்பதைப்போல.

பெரும்பாலான கம்ப்யூட்டர்களில் முதல் பாரலல் வாசலின் கதவிலக்கம் 888. இது சேதிக் கம்பிகளின் விலாசம். அடுத்த வீடு 889. அது நிலைமைக் கம்பிகளின் விலாசம். அதற்கடுத்த 890 கட்டுப்பாட்டுக் கம்பிகளுக்கு உரியது. இரண்டாவது வாசல் ஒன்று இருந்தால் அதன் இலக்கம் பெரும்பாலும் 632.

பேசிக் என்ற கம்ப்யூட்டர் மொழியில் "அவுட்" என்று ஒரு கட்டளை உண்டு. "அவுட் 888, 1" என்று எழுதினால் 2-ம் துவாரத்தில் 5 வோல்ட் வந்து நிற்கும். "அவுட் 888, 0" என்று எழுதினால் போய்விடும். அவ்வளவுதான்! "இன்ப் 889" என்று எழுதினால் நிலைமைக் கம்பிகளில் என்ன இருக்கிறது என்பதைக் கம்ப்யூட்டர் எண்ணாகச் சொல்லும். சி மொழி எழுதுவோர் இதையே "அவுட்போர்ட்பி", "இன்போர்ட்பி" என்ற பெயர்களால் செய்வார்கள்.

இப்போது எட்டுச் சின்னஞ்சிறு எல்.இ.டி. விளக்குகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றோடும் 470 ஓம் முதல் 1,000 ஓம் வரையுள்ள ரெசிஸ்டர் ஒன்றைச் சேருங்கள். ரெசிஸ்டர் இல்லாவிட்டால் மின்சாரம் அளவுக்கு மீறி ஓடும். விளக்குக்கும் ஆகாது, வாசலுக்கும் ஆகாது. விளக்குகளின் ஒரு முனை 2 முதல் 9 வரையுள்ள துவாரங்களுக்கு, மறுமுனை எல்லாம் 25-ம் துவாரத்துக்கு.

"அவுட் 888, 170" என்று எழுதினால் ஒன்று விட்டு ஒன்றாக நாலு விளக்குகள் எரியும். ஏனெனில் 170 என்பது 128, 32, 8, 2. அடுத்து "அவுட் 888, 85" என்று எழுதினால் எரிந்தவை அணையும், அணைந்தவை எரியும். இரண்டையும் மாற்றி மாற்றி ஓடவிட்டால், தேர்த் திருவிழாவில் கோபுரத்தின் மேல் ஓடும் சீரியல் விளக்குகள் மேஜைமேல் வந்துவிடும்!

முதல் முறை இதைச் செய்து பார்க்கும் மாணவனின் முகத்தைப் பார்க்க வேண்டும். திரைக்குள்ளேயே அடைந்து கிடந்த கம்ப்யூட்டர், வெளியே கை நீட்டித் தன் மேஜைமேல் உள்ள ஒரு பொருளைத் தொட்டுவிட்டது. அந்தச் சந்தோஷத்தை எந்தப் பாடப் புத்தகமும் தராது.

சிறு பையன், பெரிய மூட்டை

விளக்கு சரி. மின்விசிறி? தண்ணீர் மோட்டார்?

இங்கேதான் எச்சரிக்கை வேண்டும். பாரலல் வாசலின் ஒரு கம்பியில் கிடைக்கும் மின்சாரம் சில மில்லி ஆம்பியர்தான். சிறு பையனிடம் அரிசி மூட்டையைக் கொடுத்தால் அவன் இடுப்பு ஒடிந்துபோகும். ஆனால் அந்தப் பையனே ஓடிப்போய் மூட்டை தூக்குபவரைக் கூப்பிட்டு வரலாம் அல்லவா?

அந்த மூட்டை தூக்குபவர்தான் ரிலே. ரிலே என்பது மின்காந்தத்தால் இயங்கும் சுவிட்ச். 12 வோல்ட் ரிலே ஒன்றின் சுருளுக்குச் சுமார் 30 மில்லி ஆம்பியர் வேண்டும். அதையும் வாசலால் நேராகத் தர முடியாது. ஆகவே நடுவில் டிரான்சிஸ்டர் ஒன்றைப் போடுகிறார்கள். வாசல் டிரான்சிஸ்டரைத் தட்டும். டிரான்சிஸ்டர் ரிலேயை இழுக்கும். ரிலே 230 வோல்ட் மின்சாரத்தைத் திறந்துவிடும். மோட்டார் ஓடும். ஏழு டிரான்சிஸ்டர் ஜோடிகளை ஒரே சில்லில் அடக்கிய "யு.எல்.என். 2003" என்ற சாமானும் இதற்கென்றே கிடைக்கிறது.

ரிலேயின் சுருளுக்குக் குறுக்கே ஒரு டயோடைத் தலைகீழாகப் போட மறக்கக் கூடாது. சுருளில் ஓடும் மின்சாரத்தைச் சட்டென்று நிறுத்தினால் அதன் காந்தம் குலைந்து எதிர்த்திசையில் பலத்த மின் அழுத்தம் பாயும். டயோட் அதை விழுங்கிவிடும். இல்லாவிட்டால் அது டிரான்சிஸ்டரை விழுங்கும்!

இதற்கும் மேலே ஒரு காவல் உண்டு. ஆப்டோகப்ளர் என்று பெயர். ஆறு கால்கள் கொண்ட சிறு சில்லு. உள்ளே ஒரு பக்கம் விளக்கு, மறுபக்கம் வெளிச்சத்தை உணரும் டிரான்சிஸ்டர். வாசல் விளக்கை ஏற்றுகிறது. மறுபக்கம் வெளிச்சத்தைக் கண்டு வேலை செய்கிறது. இரண்டுக்கும் நடுவே கம்பித் தொடர்பே கிடையாது. அந்தப் பக்கம் தீப்பிடித்தாலும் இந்தப் பக்கம் கம்ப்யூட்டர் பிழைக்கும்.

இந்த ஆறு கால் சில்லின் மதிப்பை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

ஒரு ராத்திரி நடந்தது

சுமார் 15 வருஷங்களுக்கு முன் நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். நானும் என் நண்பனும் செய்ய எடுத்துக்கொண்ட வேலை, மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் குறைந்தால் தானே மோட்டாரைப் போட்டு, நிரம்பினால் தானே நிறுத்தும் ஏற்பாடு. தொட்டிக்குப் பதில் ஒரு பிளாஸ்டிக் வாளி. அதில் இரண்டு மிதவை சுவிட்சுகள். கீழ் சுவிட்ச் 13-ம் துவாரத்துக்கு, மேல் சுவிட்ச் 12-ம் துவாரத்துக்கு. 2-ம் துவாரத்திலிருந்து டிரான்சிஸ்டர், ரிலே, மோட்டார்.

889-ல் வரும் எண்ணில் 16 என்ற எடைக்கல் இருக்கிறதா என்று பார்த்தால் கீழ் மட்டம் தெரியும். 32 இருக்கிறதா என்று பார்த்தால் மேல் மட்டம் தெரியும். தண்ணீர் கீழே போனால் "அவுட் 888, 1". மேலே வந்தால் "அவுட் 888, 0". பத்துப் பதினைந்து வரிகளில் முடிந்த வேலை.

மறுநாள் காலை பத்து மணிக்குப் பரீட்சை. முதல் நாள் சாயங்காலம் ஆய்வுக்கூடத்தை மூட வேண்டிய நேரம். அங்கே உதவியாளராக இருந்தவர், "சரி தம்பி, ஒரு மணி நேரம்" என்று தன் பொறுப்பில் திறந்து வைத்தார். எங்களிடம் ஒப்படைத்தது ஒரு பழைய கம்ப்யூட்டர்.

அவசரத்தில் 12 வோல்ட் கம்பி ஒன்று திருகிலிருந்து நழுவியது. நேராக 2-ம் துவாரத்தின் கம்பிமேல் போய் விழுந்தது.

சத்தமில்லை. புகையில்லை. ஆனால் அதற்குப் பிறகு "அவுட் 888, 0" என்று எத்தனை தடவை அடித்தாலும் ரிலே விடவில்லை. மீட்டரை வைத்துப் பார்த்தோம். கம்பியில் எப்போதும் மூன்று வோல்ட்டுக்கு மேல் நின்றது. வாசல் செத்துவிட்டது!

பரீட்சைக் கவலை பறந்துபோயிற்று. "கம்ப்யூட்டரைக் கெடுத்துவிட்டோமே, இவருக்கல்லவா கெட்ட பெயர்" என்ற பயம் பிடித்துக்கொண்டது. மூட வேண்டிய அறையை எங்களுக்காகத் திறந்து வைத்தவர் அவர். அவருடைய வேலைக்கே ஆபத்து வந்தால்?

"அண்ணே, தெரியாம நடந்துபோச்சு" என்றான் நண்பன்.

அவர் கோபிக்கவில்லை. கம்ப்யூட்டரின் மூடியைக் கழற்றிப் பார்த்தார். வாசல் தாய்ப் பலகையோடு சேர்ந்தே இருந்தது. அதைத் தனியாக மாற்ற முடியாது. பிறகு இரும்பு பீரோவைத் திறந்து, எப்போதோ கழித்துப் போட்ட கம்ப்யூட்டரிலிருந்து எடுத்து வைத்திருந்த பழைய வாசல் அட்டை ஒன்றைக் கொண்டுவந்தார். அதன் பித்தளை நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் அழுத்தித் தேய்த்தார். அட்டையிலிருந்த சிறு ஊசி இணைப்பு ஒன்றை இடம் மாற்றினார். உள்ளே செருகினார்.

"இது 632. உங்க புரோகிராம்ல மாத்திக்கோங்க" என்றார்.

888 வரும் இடமெல்லாம் 632 என்றும், 889 வரும் இடமெல்லாம் 633 என்றும் மாற்றினோம். ஓட்டினோம். ரிலே "டக்" என்றது. அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

அவர் அதோடு விடவில்லை. மேஜை இழுப்பறையிலிருந்து ஆறு கால் சில்லு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். "முதல்ல இதைப் போட்டிருக்கணும் தம்பி. அப்புறம்தான் மத்ததெல்லாம்" என்றார். அதைப் பற்றவைத்து முடிக்கும்போது மணி ஒன்பதைத் தாண்டிவிட்டது. சாப்பிடாமல் காத்திருந்தார்.

மறுநாள் வாளி நிரம்பியது, மோட்டார் நின்றது, மார்க்கும் கிடைத்தது. நடந்ததை அவர் மறைக்கவுமில்லை. பதிவேட்டில் "வாசல் பழுது, அட்டை பொருத்தப்பட்டது" என்று தன் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார். எங்கள் பெயரை மட்டும் எழுதவில்லை.

மயிரிழையில் பாதி

தண்ணீர் மோட்டார் ஓடும், அல்லது நிற்கும். அதைவிட நுட்பமான வேலையும் இந்த வாசலால் முடியும். அதற்கு ஸ்டெப்பர் மோட்டார் வேண்டும்.

சாதாரண மோட்டார் மின்சாரம் கொடுத்தால் ஓடிக்கொண்டே இருக்கும். ஸ்டெப்பர் மோட்டார் அப்படியல்ல. படி ஏறுவதைப்போல ஒவ்வோர் அடியாக நகரும். அதன் நாலு சுருள்களுக்கு 1, 2, 4, 8 என்று வரிசையாக மின்சாரம் கொடுத்தால் முன்னே போகும். 8, 4, 2, 1 என்று கொடுத்தால் பின்னே வரும். பரவலாகக் கிடைக்கும் வகையில் ஓர் அடிக்கு 1.8 டிகிரி. 200 அடி வைத்தால் ஒரு முழுச் சுற்று. கால் சுற்று வேண்டுமானால் எண்ணி 50 அடி.

இந்த மோட்டாரின் தண்டோடு, ஒரு சுற்றுக்கு 5 மில்லி மீட்டர் நகரும் திருகு ஒன்றைச் சேர்த்தால் என்ன ஆகும்? ஓர் அடிக்கு 0.025 மில்லி மீட்டர். தலைமயிரின் பருமனில் பாதிக்கும் குறைவு! இவ்வளவு நுட்பமாக ஒரு கருவியை நகர்த்தலாம் என்றால் மரத்தில் பூ வேலை செய்யலாம்; பித்தளையில் பெயர் வெட்டலாம்.

செய்தும் காட்டினார்கள். நீளம், அகலம், ஆழம் என்ற மூன்று திசைக்கும் மூன்று மோட்டார். ஒவ்வொன்றுக்கும் ஒரு டிரைவர் பெட்டி. பெட்டிக்கு இரண்டே கம்பிகள். ஒன்று "அடி வை" என்று சொல்லும். மற்றது "இந்தத் திசையில்" என்று சொல்லும். ஆறு கம்பிகளில் விஷயம் முடிந்துவிட்டது. கருவி எல்லை தாண்டாமல் பார்த்துக்கொள்ளும் சுவிட்சுகளுக்கு ஐந்து நிலைமைக் கம்பிகள் இருக்கவே இருக்கின்றன.

அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனம் 1990-களில் செய்த ஆராய்ச்சியிலிருந்து வளர்ந்தது "லினக்ஸ் சி.என்.சி." என்ற புரோகிராம். யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். இன்றும் பாரலல் வாசல் மூலமாக அது கடைசல் யந்திரங்களையும் செதுக்கும் யந்திரங்களையும் ஓட்டுகிறது. சிறு பட்டறையின் மூலையில் மரத்தூள் படிந்த பழைய கம்ப்யூட்டர் ஒன்றைக் கண்டால், "ஏன் இதைத் தூக்கிப் போடவில்லை?" என்று கேட்டுவிடாதீர்கள். அதன் முதுகிலிருந்து போகும் ஒற்றைக் கம்பியில் ஒரு குடும்பத்தின் பிழைப்பு ஓடிக்கொண்டிருக்கலாம்.

பாட்டும் பாடியது

இந்த வாசல் வேறு பல வேஷங்களும் போட்டது.

1980-களில் இந்த வகைக் கம்ப்யூட்டர்களில் பெரும்பாலானவற்றுக்குப் பேசத் தெரியாது. "பீப்" என்று கத்த மட்டும் தெரியும். எட்டுச் சேதிக் கம்பிகளிலும் ஏணிபோல ரெசிஸ்டர்களைக் கட்டி, 256 விதமான மின் அழுத்தத்தை வரவழைத்து, அதை ஒலிபெருக்கியில் விட்டார்கள். கம்ப்யூட்டர் பேசியது, பாடியது! கோவாக்ஸ் என்ற கம்பெனி இதையே ஒரு சிறு செருகியாகச் செய்து விற்றது.

இரண்டு கம்ப்யூட்டர்களை இந்த வாசல் வழியாகக் கம்பியால் கட்டிக் கோப்புகளைப் பரிமாறினார்கள். விலை உயர்ந்த புரோகிராம்களைத் திருட்டிலிருந்து காப்பாற்ற, இதில் மாட்டும் சிறு பூட்டுக்களைச் செய்தார்கள். அந்தப் பூட்டு இல்லாவிட்டால் புரோகிராம் ஓடாது. 1990-களின் நடுவில் 100 மெகாபைட் கொள்ளும் ஜிப் டிரைவ்கூட இதில் மாட்டும்படி வந்தது.

ஒரு திசையில் வேகமாகப் பேசிய வாசல், இரு திசையிலும் வேகமாகப் பேசும்படி திருத்தப்பட்டது. 1994-ல் அந்தத் திருத்தங்களை எல்லாம் தொகுத்து "ஐ.இ.இ.இ. 1284" என்று சர்வதேச முறையாக வகுத்தார்கள்.

வாசலில் காவல்காரர்

பிறகு ஏன் இது மறைந்தது?

முதல் இடைஞ்சல் உள்ளேயிருந்தே வந்தது. விண்டோஸ் 95, 98 வரையில் எந்தப் புரோகிராமும் நேராகப் போய் 888-ம் இலக்கக் கதவைத் தட்டலாம். 2001-ல் விண்டோஸ் எக்ஸ்.பி. வீடுவீடாக வந்தபோது, வாசலில் காவல்காரர் நின்றார். ஒரே சமயத்தில் பல புரோகிராம்கள் ஓடும் இடத்தில் ஆளாளுக்கு வாசலைத் தட்டினால் குழப்பம் வரும் என்பது அவர் வாதம். "அவுட்" என்று எழுதிய புரோகிராமை அங்கேயே நிறுத்திவிட்டார். நேற்றுவரை ஓடிய வேலை இன்று ஓடவில்லை என்று மாணவர்கள் திகைத்தார்கள். இடைத்தரகர் போன்ற சிறு டிரைவர் ஒன்றை வைத்துக்கொண்டுதான் உள்ளே போக முடிந்தது. லினக்ஸில் அதிகாரமுள்ளவர் அனுமதி கேட்டால் கதவு திறக்கும்.

இரண்டாவது இடைஞ்சல் யு.எஸ்.பி. 1996-ல் வந்த இந்தச் சிறு செருகி பிரிண்டர், விசைப்பலகை, கேமரா எல்லாவற்றுக்கும் ஒரே வாசலாயிற்று. 25 துவாரப் பெரிய வாசல் எதற்கு என்று கம்பெனிகள் அதை நீக்கத் தொடங்கின.

"யு.எஸ்.பி.யைப் பாரலலாக மாற்றும் கம்பி கிடைக்கிறதே, அதை வாங்கிக்கொண்டால் என்ன?" என்று சிலர் கேட்பார்கள். பிரிண்டருக்கு அது சரி. விளக்குக்கும் மோட்டாருக்கும் சரிவராது. அதில் 888 என்ற கதவே கிடையாது. பழைய வாசல் கட்டளையிட்ட மறு கணமே, ஒரு விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு நேரத்தில், கம்பியை மாற்றிவிடும். யு.எஸ்.பி.யோ சேதிகளை மூட்டை கட்டி அனுப்பும். சாதாரண வேகத்தில் ஒரு விநாடிக்கு ஆயிரம் முறைதான் அதன் வண்டி புறப்படும். அடி அடியாக மோட்டாரை நகர்த்துவோருக்கு அந்தத் தாமதம் ஆகாது.

புது வாரிசுகள்

2005-ல் இத்தாலியின் இவ்ரியா நகரத்தில் "ஆர்டுவினோ" என்ற உள்ளங்கை அளவுப் பலகை பிறந்தது. 2012-ல் இங்கிலாந்தில் "ராஸ்ப்பெரி பை" வந்தது. விளக்கு எரிக்கவும் மோட்டார் சுழற்றவும் இன்றைய மாணவர்கள் இவற்றைத்தான் வாங்குகிறார்கள். கெட்டாலும் சிறு பலகைதான் போகும், கம்ப்யூட்டர் தப்பும். சென்னை ரிச்சி தெருவுக்குப் போனால் இவற்றை மாலையாகத் தொங்கவிட்டு விற்கிறார்கள்.

ஆனால் ஒன்று. ஆர்டுவினோவிலும் முதல் பாடம் ஒரு விளக்கை எரியவிட்டு அணைப்பதுதான். அங்கும் "உண்டு", "இல்லை" என்ற அதே இரண்டு சொற்கள். அங்கும் ரெசிஸ்டர் வேண்டும், டிரான்சிஸ்டர் வேண்டும், டயோட் வேண்டும். 25 துவாரம் கற்றுத் தந்த பாடத்தில் ஒரு வரிகூட வீணாகவில்லை.

செய்து பார்ப்பவர்களுக்கு

பழைய கம்ப்யூட்டர் கிடைத்து, ஆசையும் இருந்தால் செய்து பாருங்கள். ஆனால் இவற்றை மனத்தில் வையுங்கள்.

வாசலை நம்பி நேராக எதையும் மாட்டாதீர்கள். ஆப்டோகப்ளர் இல்லாமல் ரிலேயின் பக்கம் போகாதீர்கள்.

கூடுமானால் தாய்ப் பலகையிலுள்ள வாசலை விட்டுவிட்டுத் தனி அட்டை ஒன்றைச் செருகி அதில் பழகுங்கள். புதிய வகை அட்டைகளில் கதவிலக்கம் 888 ஆக இராது. கம்ப்யூட்டரிலேயே பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

1, 11, 14, 17 ஆகிய நாலு துவாரங்களும் தலைகீழ்ச் சுபாவம் கொண்டவை. "உண்டு" என்றால் அங்கே "இல்லை". இதை மறந்தவர்கள் பல ராத்திரி தூக்கம் கெட்டிருக்கிறார்கள்.

முதலில் கம்ப்யூட்டரைப் போடுங்கள். அது எழுந்து உட்கார்ந்த பிறகு ரிலேக்கு மின்சாரம் கொடுங்கள். கம்ப்யூட்டர் விழிக்கும்போது பிரிண்டர் இருக்கிறதா என்று தட்டிப் பார்க்கும். அந்தத் தட்டலில் மோட்டார் தானாக ஓடிவிடலாம்.

230 வோல்ட் உள்ள பக்கத்தில் கை வைப்பது விளையாட்டல்ல. தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் அதைத் தொடாதீர்கள்.

எங்கள் பக்கத்தில் ஒருவர் இருந்தார். அன்று அவர் கோபித்து, "வெளியே போங்கள்" என்று சொல்லியிருந்தால், நாங்கள் இருவரும் அதோடு ரிலேயையும் டிரான்சிஸ்டரையும் கும்பிட்டு விட்டிருப்போம். என் நண்பன் இன்று ஒரு தொழிற்சாலையில் யந்திரங்களுக்குக் கட்டுப்பாட்டுப் பலகை அமைக்கிறான். அவனிடம் புதிதாக வந்து சேரும் பையன்கள் எதையாவது கருக்கிவிட்டு முழிக்கும்போது, அவன் மேஜை இழுப்பறையைத் திறந்து ஆறு கால் சில்லு ஒன்றை எடுத்துக் கொடுக்கிறான்.

"முதல்ல இதைப் போடணும் தம்பி. அப்புறம்தான் மத்ததெல்லாம்."